பல ஆண்டு உட்கார்ந்தே இருந்த உடம்பை நடக்க வைப்பது: தோட்டப் பட்டணத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனை ஆலையின் எடைமேடை அலுவலகத்தில் நான் 16 ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக வேலை செய்கிறேன். பழக்குலை ஏற்றிய லோரி வந்து நிற்கும். எடையைப் பதிவு செய்து சீட்டைக் கொடுப்பேன். அடுத்த லோரி வரும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தேவையே இல்லாத வேலை அது. 44 வயதில் என் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. இளைய மகளின் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்காக இரண்டாம் மாடிக்கு ஏறிய நாளில், வழியில் இரண்டு முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் என் கைப்பையை வாங்கிக்கொண்டு எதுவும் பேசாமல் கூடவே நின்றாள்.

எடையைக் குறைக்க வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். ஆனால் எதை முதலில் செய்வது என்று தெரியாமல், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும் செய்தேன். முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன், பிறகு மெலிய வைக்கும் காப்பி வாங்கினேன், எல்லாம் பலிக்காமல் போன பிறகே கிளினிக்குக்குச் சென்றேன். அதில் ஏழு மாதங்களும் ஏறக்குறைய 1,400 ரிங்கிட்டும் போயின. கிளினிக்கிலிருந்து மறுபடி தொடங்கிய 15 மாதங்களில் 73 கிலோவுக்கு வந்திருக்கிறேன். அதற்கு ஆன செலவு 300 ரிங்கிட்டுக்கும் குறைவு. நீங்கள் என் முதல் ஏழு மாதங்களைத் தாண்டி நேராக இரண்டாவது பாதையில் கால் வைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. காலணி வாங்கும் முன் கிளினிக்குக்குச் செல்லுங்கள்

பல ஆண்டுகள் அசையாமல் இருந்த உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பற்றி அறியாமலேயே நடமாடிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இருப்பதை அறியாமல் ஓடத் தொடங்கினால், கால் புண்ணிலிருந்து நெஞ்சு வலி வரை எதுவும் நேரலாம்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், அதாவது நாம் பேச்சில் கிளினிக் கெசிஹாத்தான் என்று சொல்லும் இடத்தில், மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். மருத்துவரைப் பார்ப்பது, இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதற்குள் அடங்கும். மைசெஜாத்தெரா செயலியில் முன்பதிவு செய்துகொண்டு போனால் காத்திருப்பு குறையும். முன்பதிவு கிடைக்காவிட்டால் காலை 7.30 மணிக்குள் சென்று எண் எடுத்துவிடுங்கள். 9 மணிக்குப் போனால் மதியம் வரை உட்கார வேண்டியிருக்கும் என்பது என் அனுபவம்.

கொண்டு போக வேண்டியவை சிலவே. அடையாள அட்டையான மைகாட் கட்டாயம். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அதன் பெயரைச் சொல்ல முயலாமல் மாத்திரை அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தும் ஊட்டச்சத்து மாவும் இதில் சேரும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு வந்திருந்தால் எந்த வயதில் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது முகப்பில் டைம் ஸ்லிப், அதாவது கிளினிக்கில் இருந்த நேரத்தைக் காட்டும் சீட்டு, கேட்டு வாங்க மறக்காதீர்கள். உடம்பு சரியில்லாமல் போனால்தான் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைக்கும், பரிசோதனைக்குப் போனவர்களுக்குக் கிடைப்பது இந்தச் சீட்டுதான். இதைக் கேட்டு வாங்காததால் எனக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டப்பட்டது.

இரத்தம் எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அதன் பிறகு வெறும் தண்ணீர் மட்டும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தாதியிடம் கேட்டுவிட வேண்டும். இரத்தம் கொடுத்தவுடன் பசியாற வீட்டிலிருந்து ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. இல்லையென்றால் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாயில்தான் போய் நிற்போம்.

உங்களுக்கு 40 வயது ஆகியிருந்து, குடும்பம் அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுவதாக இருந்தால், பெக்கா பி40 என்ற திட்டத்தின் கீழ் இலவசமாக முழுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். உதவித்தொகை பெறுபவர், அவருடைய கணவர் அல்லது மனைவி ஆகிய இருவருக்கும் இது உண்டு. தகுதி இருக்கிறதா என்பதைத் திட்டத்தின் இணையத்தளத்தில் மைகாட் எண்ணைப் போட்டு ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம்; பதிந்துகொண்ட தனியார் கிளினிக்குகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. இதற்கு இரண்டு முறை செல்ல வேண்டும்: முதல் முறை உடல் பரிசோதனையும் இரத்தம், சிறுநீர் எடுப்பதும், இரண்டாவது முறை முடிவை மருத்துவர் விளக்குவது. நம் ஊரில் பலர் முதல் முறையோடு நின்றுவிடுகிறார்கள். முடிவைக் கேட்காத பரிசோதனையால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே இரண்டாவது வருகைக்கான தேதியை வாங்காமல் கிளினிக்கை விட்டு வெளியேறாதீர்கள். தொழிற்சாலையில் வேலை செய்து, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டுபவர்கள், தங்களுக்கு அந்த வழியில் பரிசோதனைச் சலுகை இருக்கிறதா என்று சொக்சோ அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

மருத்துவரிடம், "உடல் எடையைக் குறைக்க நடக்கத் தொடங்கப் போகிறேன், எனக்கு அதில் ஆபத்து ஏதும் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வெறுமனே உடம்பைப் பார்க்க வந்தேன் என்றால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். நடக்கும்போது நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தது, தலை சுற்றியது, ஒரு கால் மட்டும் வீங்குகிறது, இரவில் மூச்சுத் திணறி விழிக்கிறேன் என்பதுபோல் எது இருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தேவையென்றால் இ.சி.ஜி. எடுப்பார்கள். கூடவே, உணவியல் அதிகாரியைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். எனக்கு அந்தச் சந்திப்பு கிடைக்க ஏழு வாரம் ஆனது. கேட்ட நாளிலிருந்துதான் வரிசை தொடங்குகிறது என்பதால் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

2. உங்கள் எண்களை எழுதி வையுங்கள்

எண்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் தேதியோடு எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், எச்பிஏ1சி ஆகிய நான்கையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி அது 6.3 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு, 5.7 முதல் 6.2 வரை அதன் வாசல். என்னுடையது 7.4 இருந்தது, இரத்த அழுத்தம் 152க்கு 94.

உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிட, எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் போதும். 86ஐ 1.58ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடியும் 1.58ஆல் வகுத்தால் 34.4. ஆசிய உடல்வாகுக்கு 23இலிருந்தே அதிக எடை, 27.5இலிருந்து உடற்பருமன். வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லப்படும் 25, 30 என்ற அளவை நம்பி நமக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால் எடையைவிட இடுப்பு அளவை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

எடையை வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் பசியாறும் முன் பாருங்கள். தினமும் ஏறி நின்றால் உப்பும் தண்ணீரும் மாதவிடாயும் எடையை ஏற்றி இறக்குவதைப் பார்த்து மனம் சோர்ந்துவிடும்.

3. பணத்தை எங்கே செலவழிப்பது, எங்கே செலவழிக்கக் கூடாது

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். நடைக் காலணி 95 ரிங்கிட், தையல் அளவு நாடா 3 ரிங்கிட், எடைக் கருவி 35 ரிங்கிட், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி 120 ரிங்கிட். மொத்தம் 253 ரிங்கிட். இரத்தக் கொதிப்பு இல்லாதவர்கள் கடைசிப் பொருளை விட்டுவிடலாம். அது தேவைப்படுபவர்கள் மணிக்கட்டில் கட்டுவதை வாங்காமல் மேற்கையில் கட்டும் வகையை வாங்குங்கள். தடித்த கைகளுக்குப் பெரிய பட்டை தேவை, சிறிய பட்டை அழுத்தத்தை அதிகமாகக் காட்டும்.

காலணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் அணியும் கம்போங் அடிடாஸ் என்ற கறுப்பு ரப்பர் காலணி சேற்றுக்கும் சரிவுக்கும் அருமையானது. அப்பா அதில்தான் ஆயுள் முழுவதும் நடந்தார். ஆனால் தார் சாலையில் கனத்த உடம்போடு தினமும் நடக்க அதன் அடிப்பாகம் மெல்லியது, குதிகால் வலி வரும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடக்கும்போது போடும் காலுறையோடு சென்று, பெருவிரலுக்கு முன் ஒரு விரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். நீரிழிவு உள்ளவர்கள் நடந்து வந்தவுடன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினமும் பார்க்க வேண்டும்; உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் வலி தெரியாது.

உடற்பயிற்சிக் கூடத்தைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. வேறொரு பட்டணத்தில் இருந்த ஒரு கூடத்தில் பதிவுக் கட்டணம் 100 ரிங்கிட்டும் மாதம் 88 ரிங்கிட்டும் கட்டச் சொன்னார்கள். கையெழுத்திட்ட தாளில் 12 மாத ஒப்பந்தம் என்று சிறிய எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. முதல் வாரத்திலேயே என்னைப் படிக்கட்டு இயந்திரத்தில் ஏற்றினார்கள்; பதினோராம் நாள் வலது முட்டி வீங்கியது. நின்றுவிட்டேன், ஆனால் பணம் மட்டும் ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. கூடங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்வதானால் மாதாமாதம் கட்டும் இடத்தில் சேருங்கள். விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், மருத்துவச் சான்றிதழ் இருந்தால் ஒப்பந்தத்தை நிறுத்துவார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். வங்கி அட்டை எண்ணை முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதங்களுக்குக் கூடம் எதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து.

4. முதல் 12 வாரங்கள்: நடை மட்டும்

உலகச் சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. முதல் நாளே அந்த அளவைத் தொடப் போகாதீர்கள். 12 வாரங்களில் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்.

முதல் இரண்டு வாரங்கள் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். "இதெல்லாம் ஒரு நடையா" என்று தோன்றும், தோன்றட்டும். இந்த இரண்டு வாரங்களின் வேலை கொழுப்பைக் கரைப்பதன்று, குறிப்பிட்ட நேரத்தில் கதவைத் திறந்து வெளியே வரும் பழக்கத்தை உண்டாக்குவது. மூன்றாம், நான்காம் வாரங்களில் 15 நிமிடம். அடுத்த இரண்டு வாரங்களில் 20. ஏழாம், எட்டாம் வாரங்களில் 25. ஒன்பதாம் வாரத்திலிருந்து 30 நிமிடத்துக்கு முயலுங்கள். ஒரு படியில் கால் வலித்தால் அதே படியில் இன்னொரு வாரம் நில்லுங்கள். எனக்கு 25இலிருந்து 30க்குப் போக நான்கு வாரம் பிடித்தது.

வேகத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு. கூட நடப்பவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது, பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும் மெதுவாகவே நடக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால், முக்கியமாக இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, தலை சுற்றும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்கிலாசைட் போன்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடையின்போது சர்க்கரை தாழ்ந்து போகலாம். நடக்கும் முன் சர்க்கரை 5.0 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். பையில் சில மிட்டாய்கள் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, கண் மங்கினால் உடனே உட்கார்ந்து இனிப்பை வாயில் போட வேண்டும். மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு. ஓய்வாக இருக்கும்போதே இரத்த அழுத்தம் 180க்கு 110 அல்லது அதற்கு மேல் காட்டினால் அன்று நடையை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால் வீட்டுக்கு நடந்து வர முயலாமல் அங்கேயே உட்கார்ந்து 999ஐ அழைக்கச் சொல்லுங்கள். காற்று பிடித்துக்கொண்டது என்று சொல்லி எண்ணெய் தேய்த்து நேரத்தைக் கடத்தியவர்களை நான் எங்கள் லயத்திலேயே பார்த்திருக்கிறேன்.

5. இடமும் நேரமும்

நம் பக்கத்தில் பொழுது விடிய 7 மணி ஆகிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன் நடக்க நினைப்பது இயல்பு; ஆனால் இருட்டில் தோட்டச் சாலையில் பாம்பும் காட்டுப் பன்றியும் கூட்டமாக அலையும் நாய்களும் உண்டு. குலை ஏற்றிய லோரிகளுக்குச் செம்மண் சாலையின் வளைவில் நடந்து வருபவரைத் தெரியாது என்பதை லோரி ஓட்டுநர்களிடம் தினமும் பேசுகிறவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். ஆகவே இருட்டில் நடப்பதாக இருந்தால் தெருவிளக்கு உள்ள தாமான் (குடியிருப்பு) சாலையில், ஒளி தெறிக்கும் மேலாடை அணிந்து, வண்டிகளை எதிர்நோக்கியபடி நடக்க வேண்டும். மாலையில் 6 மணிக்கு மேல் தமிழ்ப்பள்ளித் திடலோ பொதுத் திடலோ நல்ல இடம். இடி முழங்கினால் திடலிலும் மரத்தடியிலும் நிற்கக் கூடாது. பேராக்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும், அதில் மின்னல்தான் ஆபத்து.

புகைமூட்டம் வந்தால் ஐ.பி.யு. என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். அது 100ஐத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடக்கலாம். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கூடவே வருவார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தனியாக நடக்கத் தயக்கம் இருந்தால் அது நியாயமான தயக்கம்தான், அதை மீறிக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவை அழைத்தேன். இப்போது நாங்கள் நால்வர். பஞ்சாபி உடையும் காலணியும் போதும், தனியாக உடை வாங்கத் தேவையில்லை. துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், நாய் துரத்தும்போதும் மோட்டார் சைக்கிள் உரசிப் போகும்போதும் அது சிக்கிக்கொள்ளும். இரவு ஷிஃப்ட் வேலை செய்பவர்கள் தூக்கத்தைத் திருடி நடக்காதீர்கள். தூங்கி எழுந்த பிறகு, வேலைக்குப் புறப்படும் முன் நடப்பதே சரிவரும்.

6. சோறு, தண்ணி, எண்ணெய்

எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. 86 கிலோ எடையோடு அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. நடந்துவிட்டோம் என்ற உரிமையில் கடையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

நம் பெற்றோர் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடியற்காலை எழுந்து போய், மதியம் வரை மேடும் பள்ளமும் ஏறி இறங்கி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். அந்த உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. நாம் அதே தட்டையும் அதே அளவையும் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். உணவியல் அதிகாரி என்னிடம் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் சூக்கு சூக்கு செப்பாரோ முறையைத் தட்டில் வரைந்து காட்டினார்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். நான் போட்டுக்கொண்டிருந்த நான்கு கரண்டிச் சோறு இரண்டாகக் குறைந்தது. முதல் பத்து நாள் பசித்தது, உண்மை. காயை முதலிலும் மீனை அடுத்தும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தபோது அந்தப் பசி அடங்கியது.

அரைத் தட்டுக் காய்க்குப் பணம் இல்லை என்று நினைக்காதீர்கள். கங்கோங், சாவி, பசலை ஆகியவை சந்தையில் மலிவு. முருங்கைக் கீரை பல வீடுகளின் பின்புறத்தில் சும்மா நிற்கிறது. கெம்போங் மீன், முட்டை, தெம்பே, தவ்வு எல்லாம் புரதத்துக்குப் போதும். புரத மாவு டின் எதுவும் நான் வாங்கவில்லை.

குடிக்கும் இனிப்புதான் பெரிய பொறி. நாளுக்கு மூன்று தே தாரே குடித்துக்கொண்டிருந்தேன். கூராங் மானிஸ், அதாவது இனிப்பு குறைவு, என்று சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தே தாரேயின் இனிப்பு கெட்டிப்பாலிலேயே இருப்பதால் குறைத்தாலும் அதில் சர்க்கரை இருந்தே தீரும். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள். பால் இல்லாமல் முடியாதென்றால் தே சி கோசோங் கேளுங்கள், அதில் இனிப்பில்லாத ஆவிப்பால்தான் ஊற்றுவார்கள். மைலோ, சிராப், சோயா, டின் பானம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வேறெதையும் மாற்றாமல் இதை மட்டும் மாற்றிய முதல் மாதத்தில் எனக்கு இரண்டு கிலோ குறைந்தது.

எண்ணெயை ஊற்றிச் சமைக்காமல் கரண்டியால் அளந்து சமையுங்கள்; ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. தேங்காய்ப் பால் கறியை வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டோம். குடும்பத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு சமையல் செய்ய முயலாதீர்கள். ஒரே வாரத்தில் களைத்துவிடுவீர்கள். சமையல் ஒன்றே, அளவு மட்டும் வேறு.

விரத நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரட்டாசியில் ஒரு மாதம் சைவம் இருந்தும் எடை ஏறியது என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது வருத்தப்படுவார்கள். மீனும் முட்டையும் போன இடத்தை அப்பளமும் பொரித்த உருளைக்கிழங்கும் கூடுதல் சோறும் நிரப்பிவிடுகின்றன; அந்த இடத்தைப் பருப்பு, கடலை, தவ்வு, தெம்பே ஆகியவற்றுக்குக் கொடுங்கள். நீரிழிவு மருந்து சாப்பிடுபவர்கள் ஒரு பொழுது இருக்கும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

7. தசையை மறக்காதீர்கள்

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. அதைத் தடுக்க ஐந்தாம் வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள், 15 நிமிடம் போதும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துத் தூக்குவது: ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முட்டி வலிப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்கலாம். வலி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் இயன்முறைச் சிகிச்சைக்குப் பரிந்துரை கேளுங்கள்.

8. மெலிய வைக்கும் காப்பி, மாத்திரை

அறிமுகமான ஒருவர் மூலம் ஒரு பெட்டி 89 ரிங்கிட் என்று மூன்று பெட்டிக் காப்பித்தூள் வாங்கினேன். பசி போனது, நான்கு கிலோவும் போனது. கூடவே தூக்கமும் போய், இரவில் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. நிறுத்தியதும் ஐந்து கிலோ திரும்பி வந்தது. அதில் என்ன கலந்திருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இந்த வகைப் பொருள்களில் சிபுத்ராமின் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தை அதிகரிப்பதால் 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து அது. அப்போது என் இரத்த அழுத்தம் 150ஐத் தாண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் அச்சமாக இருக்கிறது.

மாத்திரை, கேப்சூல், பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் எதற்கும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் பாதுகாப்பு முத்திரையும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டி, பெட்டியில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். காப்பி, சாறு என்று உணவாக விற்பவற்றுக்கு அந்த எண் இருக்காது. அதையே சிலர் வழியாக்கிக்கொள்கிறார்கள். ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்று வாக்குக் கொடுக்கும் எதையும், அண்ணன் விற்றாலும் அத்தை விற்றாலும், வாங்காதீர்கள். மருந்து தேவைப்படும் அளவுக்கு எடை இருப்பவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் உண்டு. அந்தப் பேச்சைக் கிளினிக்கில் தொடங்குங்கள்.

9. எடை நின்று போகும் வாரங்களும் மூன்று மாதப் பரிசோதனையும்

எனக்கு முதல் மூன்று மாதங்களில் ஐந்து கிலோ குறைந்தது. அதன் பிறகு ஏழு வாரம் எடைக் கருவி அசையவில்லை. உடம்பு சிறுக்கும்போது அதற்குத் தேவைப்படும் கலோரியும் சிறுக்கிறது. ஆகவே இது எல்லோருக்கும் வரும். அந்த வாரங்களில் இடுப்பு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்ததை நோட்டில் பார்த்துதான் நான் தொடர்ந்தேன். அப்போது சாப்பாட்டை மேலும் வெட்டாமல், நடையில் பத்து நிமிடத்தைக் கூட்டி, கரண்டி அளவு மெல்ல மெல்லப் பழையபடி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஏறியிருந்தது.

உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். 86 கிலோவுக்கு அது 4.3 முதல் 8.6 கிலோ. இளம் வயதுப் படத்தில் இருக்கும் எடையை முதல் இலக்காக வைக்காமல் இதை வையுங்கள். தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம், கல்யாண மாதங்கள், மழைக்காலம் ஆகியவற்றில் குறைக்க முயலாமல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். முறுக்கு சுடுபவர் சுடும்போதே தின்பதைத்தான் நிறுத்த வேண்டும். தட்டில் வைத்து உட்கார்ந்து இரண்டு சாப்பிடுவதில் தவறில்லை.

தொடங்கிய மூன்றாம் மாத முடிவில் மறுபடியும் இரத்தம் கொடுக்கத் தேதி வாங்குங்கள். எச்பிஏ1சி அதற்கு முன் மாற்றத்தைச் சரியாகக் காட்டாது. அன்று நோட்டையும் வீட்டில் எடுத்த இரத்த அழுத்தக் கணக்கையும் கையோடு கொண்டு செல்லுங்கள், ஏனென்றால் எடை குறைந்த பிறகு பழைய அளவு மாத்திரையே தலை சுற்றலைக் கொண்டுவரலாம். அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட விட்டுவிடாதீர்கள். எனக்குப் பத்தாம் மாதத்தில் இரத்தக் கொதிப்பு மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டது. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி 6.4. மெட்ஃபோர்மின் இன்னும் தொடர்கிறது. அடுத்த இரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து, காலை 7.30 மணிக்கு.